மாலைக் கணக்கு: கிரிக்கெட் செய்தி முகமை ஒன்றின் வரலாறு

வாடிக்கையாளர் சேவை நேரம் முடிந்து முகப்புக் கதவு சாத்தப்பட்ட பின்னும் வங்கிக் கிளைகளில் விளக்குகள் எரிவதை வாசகர்கள் பலரும் கவனித்திருப்பீர்கள். உள்ளே அன்றைய கணக்கு நேர் செய்யப்படுகிறது. நாம் பணியில் சேர்ந்த காலத்தில் கணினி வந்துவிட்டது என்றாலும் சிறு கிளைகளில் பேரேடுகள் முற்றிலும் ஒழிந்திருக்கவில்லை. பற்றுக்கும் வரவுக்கும் இடையே ஒரு ரூபாய் வேறுபட்டாலும் எவரும் வீட்டுக்குக் கிளம்ப இயலாது. வேறுபாடு ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக் கூடும் என்று மூத்த காசாளர் ஒருவர் நமக்குக் கற்றுத் தந்தார். ஒரு ரூபாய் வேறுபாட்டுக்கு அத்தகைய குறுக்குவழி ஏதும் இல்லை. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இதே வேலையை இங்கிலாந்தின் ஆட்டத் திடல்களில் எண்பத்தைந்து ஆண்டுக் காலம் செய்துவந்தவர்கள் உண்டு. அவர்கள் வங்கி ஊழியர்கள் அல்லர்; 'கிரிக்கெட் ரிப்போர்ட்டிங் ஏஜென்சி' என்னும் சிறிய செய்தி முகமையின் நிருபர்கள். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் கூட்டிச் சரிபார்த்து, ஆட்ட விவரத்தோடு செய்தித்தாள்களுக்கு அனுப்புவதே அவர்கள் தொழில். இன்று கைப்பேசியில் நொடிக்கு நொடி மாறும் எண்களின் முன்னோடிகள் அவர்கள் என்பதால், அவர்களுடைய வரலாற்றை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

முகமை தோன்றுவதற்குத் தந்திக் கட்டணம் ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. இங்கிலாந்தில் முதலில் தனியார் நிறுவனங்களே தந்திக் கம்பிகளை நடத்திவந்தன. 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றை அரசு வாங்கி, 1870-இல் அஞ்சல் துறையின் பொறுப்பில் விட்டது. செய்தித்தாள்களுக்கென்று அச்சட்டம் ஒரு சலுகை அளித்தது. மாலை 6 மணி முதல் காலை 9 மணி வரை 100 சொற்களுக்கு 1 ஷில்லிங். பகலில் அதே 1 ஷில்லிங்குக்கு 75 சொற்கள். அதே செய்தியை இன்னொரு முகவரிக்கும் அனுப்ப வேண்டுமானால், முகவரி ஒன்றுக்குக் கூடுதலாக 2 பென்ஸ் மட்டுமே.

வணிகவியல் படித்த நமக்கு இந்த இடத்தில் பென்சிலை எடுக்கத் தோன்றுகிறது. 1 ஷில்லிங் என்பது 12 பென்ஸ். இருபது செய்தித்தாள்கள் தத்தம் நிருபர் வழியே இரவில் 100 சொற்கள் பெற்றால், மொத்தச் செலவு 240 பென்ஸ். ஒரே நிருபர் ஒரே செய்தியை இருபது முகவரிகளுக்கு அனுப்பினால், முதல் முகவரிக்கு 12, எஞ்சிய பத்தொன்பதுக்கு 38, ஆக 50 பென்ஸ். ஒரு செய்தித்தாளுக்கு இரண்டரை பென்ஸ்தான் விழுகிறது. நிருபரின் ஊதியமும் இரயில் கட்டணமும் இவ்வாறே பங்கிடப்படும். செய்தி முகமை என்னும் தொழிலின் ஐந்தொகை இந்தச் சிறு கணக்கில் அடங்கிவிடுகிறது. வெளியூர்ச் செய்தித்தாள்களின் உரிமையாளர்கள் ஒன்றுகூடி 1868-இலேயே 'பிரஸ் அசோசியேஷன்' என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியதும் இத்தகைய கணக்கை முன்னிட்டே. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களின் இயல்பு அதற்கும் இருந்தது. செய்தியை வாங்குபவர்களே அதன் உடைமையாளர்கள்.

விளையாட்டுச் செய்திக்கு இந்தக் கட்டணமுறை மிகப் பொருந்தியது. கிரிக்கெட் ஆட்டம் நாள்தோறும் முடிவதும் மாலை 6 மணியைத் தாண்டித்தான். மலிவான கட்டணம் தொடங்குவதும் அப்போதுதான்.

1880-ஆம் ஆண்டில் சார்லஸ் பார்டன் என்னும் பத்திரிகையாளர் கிரிக்கெட் ரிப்போர்ட்டிங் ஏஜென்சியைத் தொடங்கினார். அவருடைய தம்பியர் சிட்னியும் எட்கரும் அவருடன் உழைத்தனர். கவுண்டி அணிகள் ஆடும் ஊர்களுக்கு நிருபர்கள் சென்றனர். செய்தித்தாள்கள் சந்தா செலுத்தி அவர்களுடைய குறிப்புகளைப் பெற்றன. ஏழு ஆண்டுகளுக்குள் முகமைக்கு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1864 முதல் வெளிவந்துகொண்டிருந்த விஸ்டன் ஆண்டு நூலை, 1887-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சார்லஸ் பார்டன் தொகுக்கலானார். நாள்தோறும் தந்தியில் போன எண்கள் ஆண்டு முடிவில் அந்நூலில் நிலைபெற்றன. நாட்குறிப்பேடும் பேரேடும் ஒரே எழுத்தரின் கைக்கு வந்தன என்று நம் தொழில் மொழியில் கூறலாம்.

சார்லஸ் 1890-இல் நாற்பது வயதிலேயே மறைந்தார். அடுத்து வந்த சிட்னி பார்டன், 1891 முதல் 1925 வரை முப்பத்தைந்து பதிப்புகளுக்கு ஆசிரியராக இருந்தார். பந்தை வீசாமல் எறிகிறார்கள் என்று சில பந்துவீச்சாளர்களை அவர் பல ஆண்டுகள் விடாமல் கண்டித்துவந்தார். 1901-இல் லங்காஷயரின் ஆர்தர் மோல்டு வீசிய பந்துகளை நடுவர் ஜிம் பிலிப்ஸ் ஒரே ஆட்டத்தில் பதினாறு முறை நோ-பால் என்று அறிவித்ததோடு அந்தப் பூசல் உச்சத்தை எட்டியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டனம் ஆண்டு நூலுக்குரியது. மாலையில் பல ஊர்களுக்குச் செல்லும் தந்திக்கு அது ஒவ்வாது. அத்தந்தியைப் பெறும் செய்தித்தாள்களில் லங்காஷயர்க்காரர்களும் உண்டு, அவர்களுடைய எதிரணி ஊர்க்காரர்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக எழுதுபவர் நடந்ததை மட்டுமே எழுத இயலும். இந்த வேறுபாடு பின்னர் ஒரு முறை பெரிதாகச் சோதிக்கப்பட்டது; அதற்கு இன்னும் சற்று நேரம் ஆகும்.

ஆட்டக் கணக்கு எப்படி நேராகிறது என்பதை முதலில் பார்ப்போம். மட்டையாளர் ஒவ்வொருவரும் எடுத்த ஓட்டங்களைக் கூட்டி, அவற்றோடு உதிரி ஓட்டங்களைச் சேர்த்தால் அணியின் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர் ஒவ்வொருவரும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களைக் கூட்டி, உதிரிகளைச் சேர்த்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று. இரட்டைப் பதிவு முறைதான். இன்றைய முறைக்கும் அன்றைய முறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இன்று வைடும் நோ-பாலும் உதிரியில் சேர்வதோடு பந்துவீச்சாளரின் கணக்கிலும் எழுதப்படுகின்றன. 1980கள் வரை அவ்வாறு எழுதும் வழக்கம் இல்லை. மட்டையில் படாத ஒரு நோ-பால் உதிரி என்னும் ஒரே பத்தியில் மட்டும் பதிவாகும். எவருடைய தனிக் கணக்கையும் அது தொடாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு 1932-ஆம் ஆண்டுக்குச் செல்வோம்.

அவ்வாண்டு ஜூன் 15-ஆம் நாள் லெய்ட்டன் திடலில் எசெக்ஸ் அணிக்கு எதிராக யார்க்‌ஷயர் ஆடத் தொடங்கியது. தொடக்க வீரர்கள் பெர்சி ஹோம்சும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் அன்று முழுவதும் ஆட்டமிழக்கவில்லை. மறுநாளும் ஆடினர். முதல் விக்கெட்டுக்கான உலகச் சாதனை அப்போது 554 ஓட்டங்கள். 1898-இல் அதே யார்க்‌ஷயரைச் சேர்ந்த பிரவுனும் டனிக்ளிஃபும் எடுத்தது. பலகை 555 காட்டியதும் சட்கிளிஃப் கவனமின்றி மட்டையை வீசி ஆட்டமிழந்தார். யார்க்‌ஷயர் ஆட்டத்தை அத்துடன் முடித்துக்கொண்டது. பலகையின் கீழே இருவரும் நின்று படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே பலகையில் 555 என்பது 554 ஆக மாறியது.

அந்தத் திடலில் செய்தியாளராக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நாம் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு. 555 என்றால் புதிய உலகச் சாதனை. 554 என்றால் முப்பத்து நான்கு ஆண்டுப் பழைய சாதனையைச் சமன் செய்தது. தலைப்பே வேறாகிவிடும். செய்தித்தாள்கள் காத்திருக்கின்றன, மாலைப் பதிப்புகள் அச்சேறும் நேரம். எந்த எண்ணை நம்புவது?

கணக்கர்கள் ஏடுகளைத் திருப்பிப் பார்த்தனர். முடிவில், முன்பு எழுத விட்டுப்போன நோ-பால் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மொத்தம் மீண்டும் 555 ஆயிற்று. சட்கிளிஃப் 313, ஹோம்ஸ் ஆட்டமிழக்காமல் 224, இரண்டும் சேர்ந்து 537, உதிரி 18; 555 நேராகிறது. அந்த நோ-பால் உண்மையிலேயே வீசப்பட்டதா, இரண்டு பெரிய வீரர்களின் மனம் நோகக் கூடாது என்று கண்டுபிடிக்கப்பட்டதா என்னும் ஐயம் பிற்காலத்தில் எழுந்தது. அன்று எசெக்ஸ் அணியின் தலைவராக இருந்த சார்லஸ் பிரே ஒரு பத்திரிகையாளரும் கூட. ஐயுற்றவர்களில் அவரும் ஒருவர்.

வங்கியில் ஆய்வுக்கு வரும் தணிக்கையாளர் இந்த ஏட்டைப் பார்த்தால் முதலில் உதிரிப் பத்தியின் மீதுதான் விரலை வைப்பார். மட்டையாளர் கணக்கில் ஓர் ஓட்டத்தைச் சேர்த்தால் பந்துவீச்சாளர் கணக்கிலும் சேர்க்க வேண்டும். இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். நோ-பாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. எதிர்ப்பதிவு தேவைப்படாத ஒரே இடம் அதுதான். வேறுபாடு வரும்போது அதைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கைப் போன்றது என்று சொன்னால் நம் சக ஊழியர்கள் புன்னகைப்பார்கள். எனினும் அந்தக் கணக்கர்கள் மீது நாம் குற்றம் சாட்டப் போவதில்லை. உண்மையாகவே விட்டுப்போன ஒரு சீட்டைக் கிளை பூட்டும் நேரத்தில் கண்டெடுத்த அனுபவம் நமக்கும் உண்டு. அன்று எவரும் நம்மை ஐயுறவில்லை.

இன்னொரு வேடிக்கை. எசெக்ஸ் 78, 164 என்று இரண்டு முறையும் சுருண்டது. யார்க்‌ஷயர் ஓர் இன்னிங்ஸ், 313 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. சட்கிளிஃப் எடுத்த ஓட்டங்களும் 313. தந்தியில் இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் காணும் உதவி ஆசிரியர், ஏதோ ஒன்றைத் தவறுதலாக இரு முறை அடித்துவிட்டார்கள் என்றே கருதுவார். அந்த ஒரு நோ-பால் இல்லாவிட்டால் வேறுபாடு 312 ஆகியிருக்கும்.

இப்படிப் பிழை போலத் தோன்றும் மெய்கள் அக்கோடையில் அடுத்தடுத்து வந்தன. ஜூலை 12-ஆம் நாள் ஹெடிங்லியில் நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக யார்க்‌ஷயரின் ஹெட்லி வெரிட்டி 10 ஓட்டங்கள் கொடுத்து 10 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பத்துக்குப் பத்து. முதல்தர ஆட்டங்களில் இன்றளவும் அதை விஞ்சிய பந்துவீச்சு இல்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சித் திரையில் கால்பந்து முடிவுகள் தட்டச்சாகி ஓடத் தொடங்கியபோது, ஏழு போன்ற பெரிய எண்ணிக்கை வந்தால் எண்ணுக்கு அருகில் எழுத்திலும் 'ஏழு' என்று அடிக்கும் வழக்கம் ஏற்பட்டது. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுமாறு நாம் வேண்டுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

வெரிட்டியின் பந்துவீச்சுக்குச் சில நாள்கள் முன்பு நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் கம்பி வழியே வந்தது. ஜூன் 25-ஆம் நாள் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. சி.கே. நாயுடு தலைவர். ஒன்பது நாள்களுக்கு முன் 555 எடுத்த அதே ஹோம்சும் சட்கிளிஃபும் இங்கிலாந்தின் ஆட்டத்தைத் தொடங்கினர். முகம்மது நிசார் சட்கிளிஃபை 3 ஓட்டங்களிலும் ஹோம்சை 6 ஓட்டங்களிலும் ஸ்டம்பு தெறிக்க வீழ்த்தினார். இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நின்றது. முடிவில் 158 ஓட்டங்களில் தோற்றோம் என்றாலும், அடுத்த ஆண்டு விஸ்டன் நூல் தேர்ந்த ஐந்து சிறந்த வீரர்களுள் நாயுடுவும் ஒருவர். ஆண்டின் சிறந்த வீரர்களைத் தேரும் அந்த மரபு, முகமையைத் தொடங்கிய சார்லஸ் பார்டன் 1889-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறு பந்துவீச்சாளர்களைப் பாராட்டியதிலிருந்து வளர்ந்தது.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. ஆங்கிலச் செய்தித்தாள்களுள் மிகச் சிலவே தம் நிருபரை உடன் அனுப்பின. அவருள் ஒருவரான புரூஸ் ஹாரிஸ் உண்மையில் டென்னிஸ் நிருபர். ராய்ட்டர் முகமையின் சார்பில் கில்பர்ட் மேன்ட் என்னும் ஆஸ்திரேலியர் அணியுடன் பயணம் செய்தார். கடலடிக் கம்பி வழியே அவர் அனுப்பிய செய்தியையே இங்கிலாந்தில் பலரும் படித்தனர்.

அங்கே டக்ளஸ் ஜார்டின் தலைமையில் ஹரால்டு லார்வுட் மட்டையாளரின் உடலை நோக்கி எழும்பும் பந்துகளை வீசினார். இடப்புறம் நெருக்கமாகக் காவல் வீரர்கள் நின்றனர். 1933 ஜனவரி 14-ஆம் நாள் அடிலெய்டில் ஆஸ்திரேலியத் தலைவர் பில் வுட்ஃபுல்லின் நெஞ்சில் பந்து பட்டது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். ஓட்டப் பட்டியலில் அந்த அடிக்கு இடமே இல்லை. வுட்ஃபுல், ஆலனின் பந்தில் வீழ்ந்து 22 என்று மட்டும் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து விக்கெட் காப்பாளர் பெர்ட் ஓல்டுஃபீல்டின் மண்டையோடு விரிந்தது. அந்த நேரத்தில் களவியூகம் வழக்கமானதாகவே இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் அதற்குரிய பதிவு 'காயமுற்று வெளியேறினார், 41'.

கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு ஓட்டம்கூட வேறுபடவில்லை. ஆயினும் அங்கே என்ன நடந்தது என்பது இங்கிலாந்து வாசகருக்கு விளங்கவில்லை. விளையாட்டுப் பண்புக்கு மாறான பந்துவீச்சு என்று குற்றம் சாட்டி ஆஸ்திரேலிய வாரியம் ஜனவரி 18-ஆம் நாள் தந்தி அனுப்பியபோது லண்டனில் வியப்பும் சினமுமே எழுந்தன. முகமையின் மரபுப்படி மேன்ட் தம் கருத்தைச் செய்தியில் சேர்க்கவில்லை. ஆஸ்திரேலியராகிய அவர் தம் மனத்தில் இருந்ததை விரிவாக எழுதி நூலாக வெளியிட்டது 1992-இல்; ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து.

இதில் மேன்ட் தவறினார் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. எல்லாத் தரப்பினருக்கும் ஒரே செய்தியை விற்பவர் தம் கருத்தைக் கலந்தால், அடுத்த நாள் அவருடைய எண்களையும் ஐயுறுவார்கள். ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் மறுக்க இயலவில்லை. அடிபட்டவர்கள் அந்த விலையைக் கொடுத்தனர்.

தீர்ப்பு பேரேட்டில்தான் எழுதப்பட்டது. முகமையின் பங்காளரான ஸ்டூவர்ட் கேய்ன் 1933-இல் காலமானதை அடுத்து, சிட்னி சதர்ட்டன் விஸ்டன் ஆசிரியரானார். இவர் கிரிக்கெட் குடும்பத்துப் பிள்ளை. தந்தை ஜேம்ஸ் சதர்ட்டன் 1877-இல், வரலாற்றின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில், 49 வயதில் ஆடியவர். அந்த மூத்த வயதில் எவரும் பின்னர் டெஸ்ட் ஆட்டத்தில் அறிமுகமானதில்லை. 1933 கோடையில் மான்செஸ்டரில் மேற்கிந்தியத் தீவுகளின் கான்ஸ்டன்டைனும் மார்ட்டின்டேலும் அதே முறையில் இங்கிலாந்து வீரர்களுக்குப் பந்து வீசினர். தந்தியில் விளங்காதது நேரில் விளங்கிற்று. 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் சதர்ட்டன் அம்முறையை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

அதன்பின் முகமையின் வரலாற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 1895-இல் முகமையில் சேர்ந்த ஹ்யூபர்ட் பிரஸ்டன் 1944 முதல் 1951 வரை ஆண்டு நூலின் ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பின் அவருடைய மகன் நார்மன். 1965-இல் கிரிக்கெட் ரிப்போர்ட்டிங் ஏஜென்சி, பிரஸ் அசோசியேஷனோடு இணைந்தது. தந்திக் கட்டணக் கணக்கிலிருந்து பிறந்த பெரிய கூட்டு நிறுவனத்தோடு, அதே கணக்கிலிருந்து பிறந்த சிறிய முகமை ஒன்றாயிற்று. நம் வங்கித் துறையில் இத்தகைய இணைப்புகளைக் கண்டு பழகிய வாசகர்களுக்குப் பெயர்ப்பலகை மாறும் நாளின் உணர்வைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பிரஸ் அசோசியேஷன் இப்போது பி.ஏ. மீடியா என்னும் பெயரில் இயங்கி வருகிறது.

நம் நாட்டிலும் இதே கூட்டுறவு வடிவம் வேரூன்றியது. பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1947 ஆகஸ்ட் 27-ஆம் நாள் சென்னையில் பதிவு பெற்றது. 'தி ஹிந்து' நாளிதழின் கஸ்தூரி சீனிவாசன் அதன் முதல் தலைவர். ராய்ட்டரின் கீழ் இருந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவிடமிருந்து அது 1949 பிப்ரவரி 1 முதல் பணிகளை ஏற்றது. இன்று தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நிருபர் பெயரின்றி, 'பி.டி.ஐ.' என்ற குறிப்போடு வரும் செய்திகள் அந்த வழி வந்தவை.

நார்மன் பிரஸ்டன் இணைப்புக்குப் பின்னும் 1980-இல் மறையும் வரை விஸ்டன் ஆசிரியராகத் தொடர்ந்தார். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், 1977 பிப்ரவரியில் கராச்சியில் வாகித் மிர்சாவும் மன்சூர் அக்தரும் முதல் விக்கெட்டுக்கு 561 ஓட்டங்கள் எடுத்து, நாற்பத்து நான்கு ஆண்டு நிலைத்த லெய்ட்டன் சாதனையை முறியடித்தனர். பழைய எண்ணை விட ஆறு ஓட்டங்கள் அதிகம். ஒரு நோ-பால் கூடினும் குறையினும் பாதகமில்லை. இங்கிலாந்து மண்ணில் எடுக்கப்பட்ட முதல் விக்கெட் கூட்டுகளில் மட்டும் ஹோம்ஸ், சட்கிளிஃப் பெயர்களே இன்றும் முதலிடத்தில் உள்ளன. ஆண்டு நூலின் சாதனைப் பட்டியலில் அவர்களுக்கு நேரே அச்சிடப்பட்டிருக்கும் எண் 555.